பதினெட்டரை நியூட்ரான்

ஐப்பசி அடைமழை, மேலுரம் வாங்க ஒருத்தரும் வராத சாயங்காலம். அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக என் உரக்கடைக்கு வந்து, பொட்டாஷ் மூட்டை அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். அன்றைக்கு ஒவ்வொரு தனிமத்துக்கும் எத்தனை நியூட்ரான் என்று எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, "மாமா, பொட்டாசியத்துக்கு 39.1ல 19 போனா 20.1. இருபதுன்னு எழுதவா, இருபது புள்ளி ஒண்ணுன்னு எழுதவா?" என்று கேட்டாள். குளோரினுக்கு என்ன எழுதினாய் என்றேன். முந்தின பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். 35.5 − 17 = 18.5. பக்கத்தில் சிவப்பு மையில் டிக் வேறு.

"அரை நியூட்ரானை எங்க பாப்பா புடிச்சே?"

"கழிச்சா அப்படித்தானே மாமா வருது!"

அவள் கழித்தது சரிதான். நான் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவன், நாங்களும் இதையேதான் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தோம்: அணு எண் எத்தனையோ அத்தனை புரோட்டான், அத்தனையே எலக்ட்ரான், நிறை எண்ணில் அணு எண் போக மிச்சம் நியூட்ரான். மார்க்கும் விழுந்தது. வாய்ப்பாட்டில் தப்பே இல்லை. ஆனால் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால் மூன்றும் ஒரே மாதிரியான எண்கள் என்ற நினைப்பு மனதில் உட்கார்ந்துவிடுகிறது, அங்கேதான் கோளாறு. புரோட்டான் எண்ணிக்கை தனிமத்துக்குச் சொந்தம். எலக்ட்ரான் எண்ணிக்கை அந்த அணு இப்போது எந்த நிலையில் இருக்கிறதோ அதைப் பொறுத்தது. நியூட்ரான் எண்ணிக்கையோ ஒவ்வொரு தனி அணுவுக்கும் சொந்தம். ஆகவே "குளோரினுக்கு எத்தனை புரோட்டான்" என்பது முழுக் கேள்வி. "குளோரினுக்கு எத்தனை நியூட்ரான்" என்பது அரைக் கேள்வி. அரைக் கேள்விக்கு அரை நியூட்ரான் விடையாக வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

முதலில் புரோட்டான், அணுக்கருவில் இருக்கும் நேர்மின் துகள். 17 புரோட்டான் இருந்தால் அது குளோரின், 19 இருந்தால் பொட்டாசியம், நடுவில் 18 இருந்தால் ஆர்கான். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பெயரே மாறிவிடும். இது இன்றைக்குப் பாலபாடம், ஆனால் 1913 வரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. 1869இல் ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் போட்ட தனிம அட்டவணையில் தனிமங்களை எடை வரிசையில்தான் உட்கார வைத்தார்கள். அணு எண் என்பது வெறும் இருக்கை எண். சில இடங்களில் அந்த வரிசை இடித்தது. 1894இல் ஆர்கானைக் கண்டுபிடித்தபோது அதன் எடை கிட்டத்தட்ட 40 என்று வந்தது, பொட்டாசியமோ 39. எடைப்படி வைத்தால் எதனோடும் சேராத ஆர்கான், சோடியத்தின் கீழே போய் உட்கார வேண்டும், தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும் பொட்டாசியம் அதே மாதிரி எதனோடும் சேராத நியானின் கீழே உட்கார வேண்டும். குணத்தைப் பார்த்து இடம் மாற்றித்தான் வைத்தார்கள். ஏன் மாற்ற வேண்டியிருக்கிறது என்பதற்குப் பதில் இல்லை.

மோஸ்லி என்ற இங்கிலாந்து இளைஞர் 1913இல் ஒவ்வொரு தனிமத்திலிருந்தும் வரும் எக்ஸ் கதிரின் அதிர்வெண்ணை அளந்தார். அதன் வர்க்கமூலத்தை எடுத்து வரைந்தால் மாடிப்படி மாதிரி சமமான படிகளாக ஏறியது. படிக்கு ஒரு மின்சுமை. இருக்கை எண் என்று நினைத்திருந்தது அணுக்கருவின் மின்சுமை என்று அப்போதுதான் உறுதியானது. அவர் இரண்டே ஆண்டில், 1915 ஆகஸ்டில், துருக்கியின் கலிப்போலி போர்க்களத்தில் குண்டடிபட்டு இறந்துபோனார். 27 வயது. எனக்கு இந்தத் துறையில் ஒரு மனிதரைப் பிடிக்கும் என்றால் அது அவர்தான். ஆர்கான் கதைக்குப் பிறகு வருகிறேன், ஏனென்றால் அதன் முடிச்சு அக்கா மகள் உட்கார்ந்திருந்த மூட்டைக்குள்ளேயே இருக்கிறது.

எலக்ட்ரானுக்கு வேதாரண்யம் உப்பளத்தை எடுத்துக்கொள்ளலாம், எங்கள் பக்கம் பஸ்ஸில் போனால் ரோட்டோரத்திலேயே வெள்ளை வெள்ளையாகக் குவித்து வைத்திருப்பார்கள். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து போய் அள்ளிய அதே உப்பு. அந்த ஒரு கல் உப்பில் சோடியம் அணுவும் இல்லை, குளோரின் அணுவும் இல்லை. சோடியம் அயனியும் குளோரைடு அயனியும்தான் இருக்கின்றன. எலக்ட்ரானைக் கொடுத்தோ வாங்கியோ மின்சுமை ஏறிய அணுதான் அயனி. சோடியத்துக்கு 11 புரோட்டான். தனியாக இருந்தால் 11 எலக்ட்ரான். உப்பில் ஒன்றைக் கொடுத்துவிட்டு 10 எலக்ட்ரானோடு நிற்கிறது. குளோரின் அந்த ஒன்றை வாங்கிக்கொண்டு 17 புரோட்டான், 18 எலக்ட்ரானோடு நிற்கிறது.

பிள்ளைகள் எல்லாரும் சறுக்கும் இடம் இது. அயனியின் தலைமேல் கூட்டல் குறி போட்டிருந்தால் எலக்ட்ரானைக் கூட்டிவிடுவார்கள், கழித்தல் குறி என்றால் கழித்துவிடுவார்கள். சரியாக உல்டா. நான் அவளுக்குக் கடைக் கணக்கு வைத்தே சொன்னேன்: எலக்ட்ரான் என்பது கடன் மாதிரி, எதிர் எண். ஒரு கடனைத் தள்ளிவிட்டால் உன் கணக்கு ஒரு படி ஏறும், ஒரு கடனை வாங்கினால் இறங்கும். எண்ணும்போது எப்போதும் புரோட்டானிலிருந்து தொடங்கு, அயனியின் மின்சுமையை அதிலிருந்து கழி, வருவது எலக்ட்ரான். சோடியத்தில் 11 − 1 = 10. குளோரைடில் 17 − (−1) = 18. முடிந்தது.

சோடியம் அயனிக்கு 10 எலக்ட்ரான், நியானுக்கும் 10 எலக்ட்ரான், அப்படியானால் இரண்டும் ஒன்றா என்று ஒரு கேள்வி வரும். இல்லை. பெயர் வைப்பது புரோட்டான், எலக்ட்ரான் இல்லை. எலக்ட்ரான் கைமாறிக்கொண்டே இருக்கும் சில்லறை, வாய்க்கால் மதகில் இரும்பு துருப்பிடிப்பதும் அந்தச் சில்லறை சம்பந்தப்பட்டதுதான். எடையிலும் அது கணக்கில் வராது. ஒரு புரோட்டானின் எடையில் 1,836இல் ஒரு பங்கு. எடைக் கணக்குக்குப் புரோட்டானையும் நியூட்ரானையும் பார்த்தால் போதும்.

இப்போது நியூட்ரான். இதைக் கண்டுபிடித்ததே தாமதமாகத்தான், 1932இல், கேம்பிரிட்ஜில் சாட்விக். பெரிலியம் என்ற உலோகத்தின் மேல் ஆல்ஃபா துகளை, அதாவது ஹீலியம் அணுக்கருவை, மோதவிட்டால் மின்சுமையே இல்லாத ஏதோ ஒன்று கிளம்பி, எதிரே வைத்த பாரஃபின் மெழுகிலிருந்து புரோட்டான்களை அடித்துத் தெறிக்க வைத்தது. அடித்தது கிட்டத்தட்ட புரோட்டான் எடையுள்ள ஒரு துகளாகத்தான் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அதற்கு முன்னால் பரீட்சையில் பொட்டாசியம் அணுக்கருவில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தால் விடை வேறு: 39 புரோட்டான், அதில் 20 புரோட்டானின் மின்சுமையை அடைக்க உள்ளேயே 20 எலக்ட்ரான். எடையும் சரியாக வரும், மின்சுமையும் சரியாக வரும், ஆனால் அப்படி ஒரு அணுக்கரு கிடையாது. கூட்டல் கழித்தல் சரியாக வந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, அந்த 35.5 எங்கிருந்து வந்தது? குளோரினில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் 17 புரோட்டானும் 18 நியூட்ரானும், மொத்தம் 35. இன்னொன்றில் 17 புரோட்டானும் 20 நியூட்ரானும், மொத்தம் 37. இவற்றைத்தான் ஐசோடோப்புகள் என்கிறோம். பூமியில் உள்ள குளோரினில் நூற்றுக்கு 76 முதல் வகை, 24 இரண்டாம் வகை, அதாவது ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. மூன்று சாக்கு 35 கிலோவாகவும் ஒரு சாக்கு 37 கிலோவாகவும் நெல் பிடித்து நாலையும் சேர்த்து எடை போட்டு நாலால் வகுத்தால் சாக்குக்கு 35.5 கிலோ. அந்த நாலு சாக்கில் எதைத் தூக்கித் தராசில் வைத்தாலும் 35.5 காட்டாது. அட்டவணையில் போட்டிருப்பது சராசரிச் சாக்கின் எடை. அதை அணு நிறை என்கிறார்கள். ஒரு தனி அணுவில் புரோட்டானையும் நியூட்ரானையும் எண்ணிக் கூட்டி வரும் முழு எண் நிறை எண். பெயர் ஒன்று போலவே இருப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கலாம்.

கிட்டத்தட்ட முழு எண்ணாக்கிக் கழித்தால் போயிற்று என்று எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறோம். அது எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க சுவாமிமலைக்குப் போகலாம். அங்கே வார்க்கும் பஞ்சலோகச் சிலைகளில் பெரும்பங்கு செம்பு, அப்புறம் பித்தளை, ஈயம், கூடவே துளி வெள்ளியும் துளி தங்கமும். பித்தளை வழியாகத் துத்தநாகமும் வந்துவிடுகிறது.

செம்பின் அணு நிறை 63.55. முழு எண்ணாக்கினால் 64. 29 புரோட்டான் போக 35 நியூட்ரான். இந்த விடையை எழுதாத பிள்ளை இருக்காது. ஆனால் செம்பு-64 என்ற அணு அந்தச் சிலையில் எங்கேயும் கிடையாது. இயற்கையில் உள்ள செம்பு 63உம் 65உம்தான், 34 நியூட்ரானும் 36 நியூட்ரானும். 64ஐ அணு உலை மாதிரி இடத்தில் செயற்கையாகச் செய்துதான் பார்க்க வேண்டும், செய்தாலும் 12.7 மணி நேரத்தில் பாதி சிதைந்துபோகும். துத்தநாகம் 65.38, முழு எண்ணாக்கினால் 65. அதுவும் கதிரியக்க அணு, 244 நாளில் பாதி போய்விடும். நிலையாக இருப்பவை 64, 66, 67, 68, 70, அந்த 65 மட்டும் இல்லை. வெள்ளி 107.87, முழு எண்ணாக்கினால் 108. வெள்ளியில் உள்ளவை 107உம் 109உம். சாதாரண 108இல் பாதி இரண்டரை நிமிஷத்துக்குள் சிதைந்துவிடும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை, ஆக நாம் எழுதும் விடைப்படி பார்த்தால் அந்த விளக்கில் சரியான அணு ஒன்றுகூட இல்லை. ஈயத்துக்கு 207 வருகிறது. அது உண்மையிலேயே உண்டு, ஆனால் அதிகம் இருப்பது 208. தங்கம் ஒன்றுதான் மானத்தைக் காப்பாற்றுகிறது: 79 புரோட்டான், 118 நியூட்ரான், மொத்தம் 197, இயற்கையில் வேறு வகையே கிடையாது.

தங்கம் மாதிரி ஒரே வகையாக இருக்கும் தனிமங்கள் சுமார் இருபது உண்டு. அவற்றுக்கு மட்டும் "எத்தனை நியூட்ரான்" என்று மொட்டையாகக் கேட்கலாம். வேதாரண்யம் உப்பில் உள்ள சோடியம் அப்படித்தான், எப்போதும் 12 நியூட்ரான். டிஏபி உர மூட்டையில் உள்ள பாஸ்பரஸ், 15 புரோட்டான், 16 நியூட்ரான். அலுமினியம், அயோடின், மாங்கனீசு. மற்றவற்றுக்குக் கேள்வியிலேயே குளோரின்-35, செம்பு-63 என்று நிறை எண் தந்திருக்க வேண்டும். தராமல் கேட்டால் "அதிகமாகக் கிடைக்கும் ஐசோடோப்பு என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கணக்குப் போடு என்றேன் அவளிடம். மார்க் போடுவார்களா என்று கேட்டாள். அதற்கு நான் பொறுப்பில்லை என்றேன்.

விடை எழுதியபின் சரிபார்க்க ஒரு வழி. நிலையான அணுக்களில் நியூட்ரானைவிடப் புரோட்டான் அதிகமாக இருப்பவை இரண்டே இரண்டு, சாதாரண ஹைட்ரஜனும் ஹீலியம்-3உம். மற்ற எங்கே அப்படி வந்தாலும் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டியதுதான். சின்ன அணுக்களில் இரண்டும் ஏறக்குறைய சரிபாதி. போகப்போகப் புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும் வேகம் கூடிக்கொண்டே வருவதால், அவற்றைப் பிடித்து வைக்க நியூட்ரான் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஈயம்-208இல் 82க்கு 126, கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு.

இப்போது அவள் கேட்ட பொட்டாசியத்துக்கு வருவோம். அவள் உட்கார்ந்திருந்த மூட்டை 50 கிலோ, மேலே 60 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு முக்கால்வாசிப் பேர் முப்பது கிலோ பொட்டாசியம் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். அந்த 60, பொட்டாசியம் ஆக்சைடாகக் கணக்குப் போட்டுச் சொல்லும் எண்; மூட்டையில் ஆக்சைடு ஒரு துளிகூட இல்லை, இருப்பது பொட்டாசியம் குளோரைடு, தனிப் பொட்டாசியமாகப் பார்த்தால் சுமார் 25 கிலோ. உர வியாபாரத்தில் பழைய வழக்கம் அப்படியே நின்றுவிட்டது. மூட்டைமேல் உள்ள எண்ணும் அட்டவணையில் உள்ள எண் மாதிரித்தான், கணக்குக்கு உதவும், உள்ளே அப்படியே கிடக்காது.

அந்த 25 கிலோவில் மூன்று வகைப் பொட்டாசியம் இருக்கிறது. நூற்றுக்கு 93 பொட்டாசியம்-39, அதில் 20 நியூட்ரான். ஏறக்குறைய மிச்சம் முழுவதும் பொட்டாசியம்-41, 22 நியூட்ரான். இரண்டுக்கும் நடுவில், சுமார் 8,500 அணுவுக்கு ஒன்று வீதம், 21 நியூட்ரான் உள்ள பொட்டாசியம்-40. அது கதிரியக்க அணு. பாதியாகக் குறைய 125 கோடி ஆண்டு எடுத்துக்கொள்ளும், அவ்வளவு நிதானமானது, அதனால்தான் பூமி தோன்றியபோது இருந்ததில் பன்னிரண்டில் ஒரு பங்கு இன்னும் மிச்சம் இருக்கிறது. நிதானம் என்றாலும் அணுக்களின் எண்ணிக்கை அதிகமாயிற்றே. ஒரு மூட்டையில் வினாடிக்கு சுமார் ஏழரை லட்சம் அணு சிதைகிறது. இதைச் சொன்னதும் அவள் மூட்டையிலிருந்து குதித்துவிட்டாள். பயப்பட ஒன்றுமில்லை, நம் உடம்பில் உள்ள பொட்டாசியத்திலும் வினாடிக்கு 4,000 அணுவுக்கு மேல் சிதைந்துகொண்டுதான் இருக்கிறது, அம்மா மடியில் உட்கார்ந்தாலும் இதே கதைதான் என்றேன். மறுபடியும் ஏறிக்கொண்டாள்.

துகள் எண்ணுவதற்கு இந்த அணுவைப் போல வேறொன்று கிடையாது. நூற்றுக்கு 89 அணுக்களில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, ஒரு எலக்ட்ரானை வெளியே வீசுகிறது. 19 புரோட்டான் 20 ஆகிறது, 21 நியூட்ரான் 20 ஆகிறது, மொத்தம் அதே 40. 20 புரோட்டான் என்றால் கால்சியம். மூட்டையில் இருந்தது பொட்டாசியம் அயனி, சுற்றிலும் 18 எலக்ட்ரான். வீசியது அணுக்கருவிலிருந்து வந்தது, சுற்றி இருந்த 18 அப்படியே இருக்கிறது. ஆகவே 20 புரோட்டான், 18 எலக்ட்ரான், இரட்டை நேர்மின்சுமை உள்ள கால்சியம் அயனி. இதை அவளையே எண்ணச் சொன்னேன். விரல் விட்டு எண்ணிச் சரியாகவே சொன்னாள்.

மிச்சம் 11 பங்கு அணுக்களில் தலைகீழ். ஒரு புரோட்டான், பக்கத்தில் சுற்றும் எலக்ட்ரான் ஒன்றை உள்ளே இழுத்துக்கொண்டு நியூட்ரானாகிவிடுகிறது. 19 புரோட்டான் 18 ஆகிறது, 21 நியூட்ரான் 22 ஆகிறது. மொத்தம் மறுபடியும் 40. 18 புரோட்டான் என்றால் ஆர்கான்!

மெண்டலீவ் அட்டவணையில் இடித்த முடிச்சு இங்கேதான் அவிழ்கிறது. நாம் மூச்சிழுக்கும் காற்றில் ஆர்கான் நூற்றுக்கு ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அதில் 99.6 சதவீதம் ஆர்கான்-40, பாறைக்குள் கிடந்த பொட்டாசியம்-40 கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைந்து சிதைந்து சேர்ந்தது. 22 நியூட்ரான் உள்ள அந்தக் கனமான வகையே ஏறக்குறைய முழுசாக நிறைந்திருப்பதால் ஆர்கானின் சராசரி 39.95. பொட்டாசியத்திலோ 20 நியூட்ரான் உள்ள இலேசான வகை அதிகம், சராசரி 39.10. புரோட்டான் ஒன்று குறைவான தனிமம் எடையில் முந்திக்கொண்டது இப்படித்தான். எடையைப் பார்த்து வரிசைப்படுத்தியவர்கள் நியூட்ரான் என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் நியூட்ரானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பாறையில் பிறந்த ஆர்கான் உடனே ஓடிவிடாது, படிகத்துக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கும். எரிமலைப் பாறையை உடைத்து அதில் சேர்ந்த ஆர்கானையும் மிச்சமுள்ள பொட்டாசியத்தையும் அளந்து பாறையின் வயதைச் சொல்லிவிடுகிறார்கள். பொட்டாஷே பழங்காலத்தில் வற்றிப்போன கடலின் உப்புதான். நம் உப்பளத்தில் உப்பு எடுத்தபின் பாத்தியில் மிஞ்சுமே கசப்புத் தண்ணீர், அதில்தான் பொட்டாசியமும் மெக்னீசியமும் தங்கும். அப்படிக் கடைசிவரை காய்ந்து புதைந்த கடல்களைக் கனடாவிலும் ரஷ்யாவிலும் தோண்டி எடுத்துக் கப்பலில் அனுப்புகிறார்கள்.

"அப்ப நான் வந்து உக்காந்த நேரத்துல எத்தனை ஆர்கான் மாமா ஆயிருக்கும்?" என்றாள். ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டோம். ஏழரை லட்சத்தில் நூற்றுக்கு 11, வினாடிக்கு எண்பதாயிரத்துச் சொச்சம். அரை மணி நேரம் என்றால் 1,800 வினாடி. சுமார் 15 கோடி.

"15 கோடியா! மூட்டை எடை குறையாதா? யாராவது கேட்டா?"

அந்த 15 கோடியும் வெளியே போயிருந்தாலும்கூட, ஒரு மில்லிகிராமைப் பத்தாயிரம் கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. சாக்கில் எலி போட்ட ஓட்டைதான் எனக்குக் கவலை என்றேன். அவள் 18.5ஐ அடித்துவிட்டு, குளோரின்-35க்கு 18, குளோரின்-37க்கு 20 என்று இரண்டு வரியாக எழுதினாள். பொட்டாசியத்துக்கு மூன்று வரி தேவைப்பட்டது. நோட்டில் ஒரு வரிதான் விட்டிருந்தார்கள், ஓரத்தில் சின்ன எழுத்தில் நெருக்கி எழுதிக்கொண்டாள்.